கட்டத்தைக் காலியாக விட்ட அக்கா

ஒப்பிட்டாச்சு அக்காவுக்குப் பயம் என்றால் கொஞ்சநஞ்சப் பயமில்லை. லிஃப்டுக்குப் பயம், நாலு மாடியானாலும் மூச்சு வாங்கப் படியேறித்தான் வருவாள். நாய்க்குப் பயம், கட்டிப் போட்ட நாயானாலும் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவாள். பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் கணவர் வரும்வரை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "பயப்படறதுக்குச் சம்பளம் குடுத்தா நாம இந்நேரம் மாளிகையே கட்டியிருக்கலாம்மா" என்பார் அவர்.

ஆனால் வேலையில் அவளை யாரும் அசைக்க முடியாது. தட்டச்சுப் பள்ளியில் படித்துவிட்டு, கோர்ட்டில் நகல் பிரிவில் ஆறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். ஊருக்கு வெளியே எண்ணெய்க் கம்பெனி ஒரு பெரிய மாநாட்டு மண்டபத்தைக் கட்டி நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்தது. அங்கே ஆவணப் பிரிவில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மருத்துவர்கள் மாநாடு, பல்லுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, டயர் வியாபாரிகள் மாநாடு என்று எது வந்தாலும் காகிதமெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். அவர்கள் கொடுத்த மூலத்தையும் அடித்த பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை நகர்த்தி நகர்த்தி வரி வரியாகப் படிப்பாள். முடிந்ததும் 'மூலத்துடன் ஒப்பிடப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாத காகிதத்தை, வெளியே கொடுக்கும் ஜன்னலில் வைக்கக் கூடாது என்பது பிரிவின் சட்டம். யாராவது அவசரப்படுத்தினால் "இருங்க, ஒப்பிட்டாச்சுன்னா தர்றேன்" என்பாள். பேரே அதுவாகிவிட்டது. பிரிவு அதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கணவருக்குக் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஒரு முறை கொதிகலன் பக்கம் கை வெந்துபோனதிலிருந்து அவரை வாசலில் வண்டி எண் குறிக்கும் லேசான வேலையில் போட்டிருந்தார்கள். குடியிருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸில். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி. வாடகை பேருக்குத்தான். ஆனால் வீட்டுச் சாவி வாங்கின அன்றைக்கே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: கம்பெனி கேட்டால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும், கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரும்படி நடந்தால் அந்த முப்பது நாளும் கிடையாது. அக்கா அதையும் வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கணவரைக் கையெழுத்துப் போட விட்டாள். அன்றிலிருந்து அந்த வரி மறந்த நாளில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் பூமி சூடாவதைப் பற்றிப் பேசும் உலக மாநாடு வந்து சேர்ந்தது. நாட்டுக்கு நாடு குழு. மண்டபம் கம்பெனி கட்டியது, தண்ணீர் பாட்டில் கம்பெனி கொடுத்தது, வந்தவர்கள் கழுத்தில் தொங்கின அட்டையின் நாடாகூடக் கம்பெனி உபயம். புகையைக் குறைக்கப் பேச வந்தவர்களுக்குப் புகைபோக்கிக்காரன் விருந்து வைத்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். அக்கா சொல்லவில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் பட்டியலை அச்சிட்டதும் அவள்தான். அதை ஒப்பிடும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பது நாட்டுக் குழுக்களில், 'ஆலோசகர்' என்ற பெயரில் வந்திருந்த நாற்பத்தேழு பேருக்கு ஒரே அலுவலகத் தொலைபேசி எண். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினால், மின்சாரம் போனால் அவள் கூப்பிடும் கம்பெனி எண்தான், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறு. அடிக்கோல் அந்த இடத்திலேயே நின்றது. மூலத்தில் இருக்கிறது, நகலிலும் இருக்கிறது, என் வேலை முடிந்தது என்று முத்திரையைக் குத்தினாள். அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில்தான் அந்தத் தவறு நடந்தது.

நாடுகள் கொடுக்கும் வரைவுகளை ஒரே அச்சுக்குக் கொண்டுவர ஒரு படிவம் உண்டு. அதன் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம். அதில் அந்த நாட்டின் பெயரைக் கையால் அடிக்க வேண்டும். காலியாக விட்டால் கணினி சும்மா இருக்காது. கோப்புக்குள் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அதைத் தானாக எடுத்துப் போட்டுவிடும். பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அன்று நாற்பத்தோரு வரைவு, இரண்டு தட்டச்சர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், வெளியே "ஆச்சா, ஆச்சா" என்று ஜன்னலைத் தட்டுகிறார்கள். முப்பத்தாறாவது வரைவில் அக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். ஒப்பிடும்போதாவது பிடித்திருப்பாள். ஆனால் மூலத்தில் அந்தப் பெயர் இருந்ததே! இரண்டும் பொருந்தின. முத்திரை விழுந்தது. அறுநூறு பிரதி போயிற்று.

கடலே இல்லாத, எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாத ஒரு நாடு கொடுத்த வரைவு அது. 'நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதை நிறுத்த வேண்டும்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'எரிப்பதால் வரும் புகையை இயன்றவரை கையாள வேண்டும்' என்று போடச் சொன்னது. அடியில் பொடி எழுத்தில்: தயாரித்தவர், எண்ணெய்க் கம்பெனி சட்டப் பிரிவு.

மண்டபத்தில் பேசுவது ஆவண அறைக்கும் கேட்கும்படி சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. பதினோரு மணிக்கு அதில் ஒரு பெண்குரல் வந்தது. ஒரு சின்னத் தீவு நாட்டின் பிரதிநிதி. ஜன்னலில் வந்து காகிதம் வாங்கும்போதெல்லாம் நன்றி சொல்லும் ஒரே ஆள் என்பதால் பிரிவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும், தீவுக்காரம்மா என்பார்கள்.

"தலைவர் அவர்களே, ஒரு சின்னச் சந்தேகம். இந்த நாட்டுக் கோரிக்கையின் அடியில் கம்பெனிப் பெயர் இருக்கிறது. நாங்கள் நாட்டோடு பேசுகிறோமா, கம்பெனியோடு பேசுகிறோமா?"

ஒலிபெருக்கியில் ஒரே கசமுசா. அக்கா பாய்ந்து பிரதியை எடுத்து அடியைப் பார்த்தாள். கை வைத்த இடத்தில் காகிதம் ஈரமாயிற்று.

"ஐயோ, கட்டம்!" என்றாள்.

மத்தியானம் பிரிவு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு, நல்ல பிள்ளை, அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடலில்லா நாட்டின் ஆலோசகர் என்று கழுத்து அட்டை சொன்னது. எழுந்து நின்று அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட அக்கா இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டாள்.

"உக்காருங்கக்கா. தப்பு எல்லாருக்கும் வரும். வேற யாரோட காகிதத்திலேர்ந்தோ அந்தப் பேரு தவறிப்போய் வந்திருக்கும். அப்படித்தானே?"

"இல்லைங்க சார். நான் கட்டத்தை நிரப்பாம விட்டுட்டேன். அது என் தப்பு. ஆனா பேரு உங்க கோப்புக்குள்ளயே…"

"அப்படித்தானே?" என்றார் ஆலோசகர் மறுபடியும், அதே சிரிப்போடு.

அக்கா அதிகாரியைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"ஒரு திருத்தத் தாள் போடுங்க. 'அடியில் உள்ள பெயர் தட்டச்சில் நேர்ந்த பிழை, மூலத்தில் அது இல்லை.' ரெண்டே வரி. உங்க முத்திரை, உங்க கையெழுத்து. அது இருந்தாத்தான் சபையில எடுத்துப்பாங்களாமே? நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள வந்தா போதும்." கதவுவரை வந்தவர் ஏதோ ஞாபகம் வந்தவர்போல் நின்றார். "பதினாலாம் வரிசையில மூணாவது வீடுதானே உங்களுது? அந்த வரிசையை இடிச்சுட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாமான்னு ஒரு பேச்சு அடிபடுது. பார்ப்போம். சாருக்கு இப்ப கை எப்படி இருக்கு?"

அவள் கணவரைப் பற்றித்தான் கேட்டார். "தேவலைங்க" என்றாள் அக்கா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வரிசை முழுக்க ஒரு முறை நடந்து வந்தாள். எதையும் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத்தான். கோடு இல்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தழும்பு விழுந்த கையைத் தடவிக்கொண்டார். வழக்கமான கேலி வரவில்லை.

"போட்டுடும்மா. ரெண்டு வரிதானே."

"பொய்ங்க."

"நான் மட்டும் உண்மைன்னா சொன்னேன்?"

"இருபத்திரண்டு வருஷமா ஒப்பிடாத ஒண்ணுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. இது ஒப்பிட்டும் பொய்."

"இந்த ஊர்ல வேற வீடு யார் தருவா நமக்கு? மளிகைக் கடைக்காரர்லேர்ந்து முடி வெட்றவர் வரைக்கும் கம்பெனி தயவுல பொழைக்கறவங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னா ஒருத்தன் நமக்குத் தவிச்ச வாய்க்குத் தண்ணி தர மாட்டான்." கையைத் திருப்பிக் காட்டினார். "எனக்கு வேற வேலை தெரியாதும்மா. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் பயப்படும் உத்தியோகம் அவளுடையது. அவர் கேலி செய்பவர். இரண்டு பேரும் பயந்தால் யாரைப் பிடித்துக்கொள்வது? அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சரிங்க, போட்டுடறேன்" என்றாள்.

மறுநாள் ஒரு மணிக்குப் போட்டும்விட்டாள். ஒப்பிடும் சடங்கைக்கூட விடவில்லை, பாருங்கள். திரையில் மூலக் கோப்பைத் திறந்தாள். கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் திருத்தத் தாளை வைத்தாள். 'மூலத்தில் அது இல்லை' என்று இருந்தது. அடிக்கோலை வைக்கக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முத்திரையைக் குத்தினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. அதிகாரி அறுநூறு பிரதி எடுத்து ஜன்னல் பக்கம் அடுக்கி வைத்துவிட்டு, "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்று மணிக்குத்தான் அவற்றை வெளியே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

இரண்டரைக்கு ஜன்னலில் ஒரு நிழல். தீவுக்காரம்மா.

"திருத்தம் வந்திருக்காமே? ஒண்ணு முன்னாடியே கிடைக்குமா?"

உத்தரவை நினைத்துத் தயங்கினாள் அக்கா. ஆனால் மறுத்தால் ஏன் என்று கேட்பாளே! ஒரு பிரதியை எடுத்து நீட்டினாள். தீவுக்காரம்மா நின்றபடியே படித்தாள். இரண்டு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அப்ப நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள் கடைசியில். "மூணு மணிக்கு அந்த நாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்டாகணும். அதுக்கப்புறம் அந்த வரியை நான் எதிர்த்துப் பேசினா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க. இங்க ஓட்டெடுப்பு கிடையாது. யாரும் எதிர்க்கலைன்னா நிறைவேறினதா அர்த்தம்."

அக்கா தரையைப் பார்த்தாள். இவள் கத்தக் கூடாதா? நாலு வார்த்தை திட்டக் கூடாதா? திட்டிவிட்டுப் போனால் ஜன்னலைச் சாத்திவிட்டு அழுது தொலைக்கலாம்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"பயந்து போயிருக்கீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பயப்படாதீங்கக்கா. வேலைப் பளுவுல யாருக்கும் வர்றதுதான். இந்த அம்மா மேல எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாதுன்னு மன்னிப்புக் கேக்கறப்பவே சபையில சொல்லிடறேன். என்னால ஒருத்தர் வேலை போச்சுங்கற பேரு எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கடல் ஏறி ஊரே முழுகப்போகிற ஒருத்தி, தன்னை ஏமாற்றினவளுக்கு வேலை போகக் கூடாது என்று கவலைப்படுகிறாள்! கம்பெனிக்காரனும் நாற்காலி போட்டான், கையைப் பற்றி விசாரித்தான். அது நடுங்க வைத்தது. இது சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. வீடு, கணவர், வெந்த கை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"மேடம், நில்லுங்க!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார். அக்கா பக்கக் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் ஓடினாள். "அந்தத் தாளைக் குடுங்க. குடுங்க சொல்றேன்." வாங்கிச் சுவரில் வைத்து, கோணல் கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள். கீழே பேனாவால் எழுதினாள்: 'மீண்டும் ஒப்பிடப்பட்டது. கம்பெனியின் பெயர் மூலக் கோப்பிலேயே உள்ளது. கட்டத்தைக் காலியாக விட்டது மட்டுமே என் பிழை.' கையெழுத்து, தேதி, மணி இரண்டு முப்பத்தெட்டு.

தீவுக்காரம்மா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, உங்களுக்கு இதனால…"

"ஒண்ணும் கேக்காதீங்க மேடம். கேட்டா நான் திரும்ப வாங்கிக்குவேன். போயிடுங்க, சீக்கிரம் போயிடுங்க."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. தீவுக்காரம்மாவின் குரல் அந்த மூன்று வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தது. மண்டபத்தில் யாரோ மேசையைத் தட்டினார்கள், இன்னொருவர் தட்டினார், அப்புறம் யார் பேசுவது என்றே புரியாத கூச்சல். அந்த வரைவை எடுத்துக்கொள்ள முடியாது, மூலக் கோப்பைச் சபையில் வைக்க வேண்டும் என்று நாலைந்து நாடுகள் கேட்டன. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். பிரிவு அதிகாரி அறைக்குள் வந்து, அடுக்கி வைத்த ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது தாளையும், அக்காவையும் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். கோபம் இல்லை அதில். அவரும் குவார்ட்டர்ஸ்காரர்தான்.

மூன்றே முக்காலுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. யாரென்று தெரிந்தே இருந்தது. ஆறு முறை அடிக்கும்வரை எடுக்கத் தைரியமில்லை. ஏழாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"என்னம்மா பண்ணினே?" கணவர் கிசுகிசுத்தார். மூச்சிரைத்தது. "ஷிஃப்ட் முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன், பின்னாடியே கம்பெனி வீட்டு வசதிப் பிரிவு ஆளுங்க நாலு பேர் வந்திருக்காங்க. ஒருத்தன் கையில பூட்டு வெச்சிருக்கான். நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு நிக்கறேன். தட்டிக்கிட்டே இருக்காங்க. எனக்கு ஒண்ணும் ஓடலை. திறக்கட்டுமா, வேண்டாமா?"

கதவு தட்டப்படும் சத்தம் கம்பி வழியாக அவளுக்கும் கேட்டது. பயத்தில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது.

"திறந்துடுங்க" என்றாள். "எப்படியும் அவங்க வீடுதானேங்க."